இரவில் தானாக ஓடாத ஸ்கிரிப்ட்: செட்டிநாட்டு வாசகர்களுக்குக் கணினிப் பதில்கள்

பாதுகாப்பான கோப்புப் பரிமாற்றம் பற்றிக் காரைக்குடி, தேவகோட்டை வட்டாரத்திலிருந்து வந்த கடிதங்களை இந்த இதழில் ஒன்றாகச் சேர்த்திருக்கிறோம். எல்லாமே விண்டோஸ் கணினியில், விண்எஸ்சிபி நிரலையோ விண்டோஸுடன் வரும் ஓப்பன்எஸ்எஸ்எச் கருவிகளையோ கொண்டு எழுதப்பட்ட ஸ்கிரிப்டுகள் (கணினி தானாகச் செய்ய வேண்டிய கட்டளைகளின் வரிசை) பற்றியவை. கட்டளைகளை இங்கே ஒலிப்படி தமிழில் தந்திருக்கிறோம். தனியாகச் சொன்ன இடங்கள் தவிர, கணினியில் அவற்றை ஆங்கிலச் சிற்றெழுத்துகளில் தட்டச்சு செய்ய வேண்டும்.

கேள்வி: ஆத்தங்குடியில் டைல்ஸ் பட்டறை வைத்திருக்கிறேன். வெளியூர் ஆர்டர்களுக்கான வடிவப் படங்களையும் பில்களையும் நாள்தோறும் இரவு 9 மணிக்குச் சென்னையில் உள்ள ஏற்றுமதி முகவரின் சர்வருக்கு அனுப்ப, என் மகன் விண்எஸ்சிபியை வைத்து ஒரு பேட்ச் கோப்பு எழுதிக் கொடுத்தான். அதை நானே இருமுறை கிளிக் செய்தால் எல்லாம் ஒழுங்காகப் போய்ச் சேருகிறது. விண்டோஸின் டாஸ்க் ஷெட்யூலரில் நேரம் குறித்துப் போட்டு வைத்தால் மட்டும் போவதில்லை. கடைசி முடிவு என்ற இடத்தில் சில நாள் 0எக்ஸ்1 என்றும் சில நாள் 0எக்ஸ்41301 என்றும் காட்டுகிறது. மகன் இப்போது வெளிநாட்டில் இருக்கிறான். நான் எங்கிருந்து பார்க்கத் தொடங்க வேண்டும்?
— ஆத்தங்குடி வாசகர்

பதில்: ஐயா, கையால் ஓட்டினால் ஓடுகிற ஸ்கிரிப்ட் தானாக ஓட மறுக்கிறது என்றால், அதில் எழுதியிருக்கும் கட்டளைகள் பெரும்பாலும் சரியாகவே இருக்கும்; அதை ஓட்டுகிற ஆள்தான் மாறியிருக்கிறார். நீங்கள் கிளிக் செய்யும்போது அது உங்கள் பெயரில், உங்கள் திரையில், உங்கள் கோப்புறைகளோடு ஓடுகிறது. ஷெட்யூலர் ஓட்டும்போது திரையே இல்லாத ஓர் அமர்வில், அமைத்த விதத்தைப் பொறுத்து 'சிஸ்டம்' என்ற வேறொரு கணக்கின் பெயரிலும் ஓடக்கூடும். நீங்கள் விண்எஸ்சிபியில் சேமித்து வைத்த சர்வர் விவரமோ, என்றோ ஒருநாள் 'ஆம்' என்று சொல்லி ஏற்றுக்கொண்ட சர்வர் அடையாளமோ அந்தக் கணக்குக்குத் தெரியாது.

0எக்ஸ்1 என்பதை மட்டும் வைத்துக்கொண்டு காரணம் தேட வேண்டாம். வேலை தோல்வியில் முடிந்தது என்பதற்கு மேல் அது ஒன்றும் சொல்வதில்லை. முதல் வேலையாக ஸ்கிரிப்டைப் பேச வைக்க வேண்டும். பேட்ச் கோப்பில் விண்எஸ்சிபியை அழைக்கும் வரியில் 'சாய்கோடு லாக், சமக்குறி' என்று எழுதி, அதன்பின் டி டிரைவில் உள்ள ஒரு கோப்புறையின் முழு முகவரியோடு ஒரு கோப்புப் பெயரைக் கொடுங்கள். நடந்ததெல்லாம் அந்த லாக் கோப்பில் பதிவாகும். அந்த வரியில் அழைக்கப்படுவது 'டாட் காம்' என்று முடியும் விண்எஸ்சிபியாக இருக்கட்டும். 'டாட் எக்ஸ்இ' என்று முடிவது சன்னலைத் திறந்து வேலை செய்வதற்கானது. மறுநாள் காலையில் லாக் கோப்பே உருவாகியிருக்கவில்லை என்றால் விண்எஸ்சிபி தொடங்கவே இல்லை. நிரலின் முகவரியோ கோப்புறையின் முகவரியோ தவறு. லாக் இருக்கிறது என்றால் அதன் கடைசிப் பகுதிக்குப் போய், நட்சத்திரக் குறியில் தொடங்கும் வரிகளை முதலில் படியுங்கள். பிழை அங்கேதான் வெளிப்படையாக எழுதப்பட்டிருக்கும்.

உங்கள் நிலையில் நான் அதிகம் எதிர்பார்ப்பது, சர்வரின் அடையாளம் சரிபார்க்கப்படவில்லை என்ற வரியைத்தான். விண்எஸ்சிபி ஒருமுறை ஏற்றுக்கொண்ட சர்வர் அடையாளத்தை அந்தந்தப் பயனரின் ரெஜிஸ்ட்ரியில் (விண்டோஸின் அமைப்புப் பதிவேடு) எழுதி வைக்கிறது. வேறு கணக்கில் ஓடும்போது அந்தக் குறிப்பு கிடைப்பதில்லை. கேள்வி கேட்கத் திரையும் இல்லை. ஆகவே அது 'இல்லை' என்று தானே முடிவு செய்து விலகிக்கொள்கிறது. இதற்குத் தீர்வு, 'ஓப்பன்' கட்டளையிலேயே ஹோஸ்ட்கீ என்ற விசையை (கட்டளையோடு சேர்க்கும் கூடுதல் சொல்) சேர்த்து, சர்வரின் கைரேகை எனப்படும் அந்த நீண்ட எழுத்துத் தொடரை எழுதிவிடுவது. கூடவே விண்எஸ்சிபியை அழைக்கும் வரியில் 'சாய்கோடு ஐஎன்ஐ, சமக்குறி, நல்' என்ற விசையையும் சேர்த்துவிட்டால், கணினியில் சேமித்த எந்த அமைப்பையும் நம்பாமல் ஸ்கிரிப்டில் உள்ளதை மட்டுமே கொண்டு அது ஓடும். பிறகு யார் ஓட்டினாலும் ஒன்றுதான்.

அடுத்து, படங்கள் வேறு கணினியில் இருந்து இசட் டிரைவாக இணைக்கப்பட்டிருக்கின்றனவா என்று பாருங்கள். நீங்கள் உள்நுழையும்போது உருவாகும் அந்த இசட், ஷெட்யூலரின் அமர்வில் இருக்காது. இரண்டு பின்சாய்கோட்டில் தொடங்கும் முழு நெட்வொர்க் முகவரியை ஸ்கிரிப்டில் எழுத வேண்டும். பணியும் அந்தக் கோப்புறையைத் திறக்க உரிமை உள்ள உங்கள் கணக்கின் பெயரில், கடவுச்சொல்லைச் சேமித்து ஓட வேண்டும். விண்டோஸ் கடவுச்சொல்லை மாற்றினால் பணியிலும் மறக்காமல் மாற்றுங்கள். 'தொடங்கும் இடம்' என்ற கட்டத்தை வெறுமையாக விட்டால் ஸ்கிரிப்ட் விண்டோஸின் சிஸ்டம்32 கோப்புறையில் நின்றுகொண்டு உங்கள் கோப்புகளைத் தேடும். அங்கே பட்டறைக் கோப்புறையின் முகவரியை மேற்கோள் குறி இல்லாமல் கொடுங்கள்.

தேதியும் ஒரு சிக்கல். பல பேட்ச் கோப்புகள் 'டேட்' மாறியிலிருந்து எழுத்துகளை எண்ணி வெட்டி அன்றைய கோப்புப் பெயரை அமைக்கின்றன. உங்கள் கணக்கில் தேதி நாள்-மாதம்-ஆண்டு என்று இருக்கும். சிஸ்டம் கணக்கில் அது கிழமைப் பெயரோடு, அமெரிக்க முறையில் மாதம் முன்னாகவும், இடையே சாய்கோட்டோடும் இருக்கலாம். கோப்புப் பெயரில் சாய்கோடு வர விண்டோஸ் அனுமதிக்காது. வெட்டும் இடமும் பிசகும். பவர்ஷெல்லின் 'கெட்-டேட்' கட்டளையில் ஆண்டு, மாதம், நாள் என்ற வரிசையை நாமே சொல்லித் தேதியை வாங்கிக்கொண்டால் எந்தக் கணக்கிலும் ஒரே பெயர்தான் வரும்.

இனி 0எக்ஸ்41301. இது பிழை அல்ல. பணி இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது என்பதே இதன் பொருள். பேட்ச் கோப்பின் கடைசி வரியில் 'பாஸ்' (சற்று நிறுத்து என்று பொருள்படும் ஆங்கிலச் சொல்) என்ற கட்டளை இருக்கிறதா பாருங்கள். கையால் ஓட்டும்போது சன்னல் மூடாமல் நிற்க உங்கள் மகன் அதை வைத்திருப்பார். பார்ப்பதற்கு யாரும் இல்லாத அமர்வில் அது ஒரு விசை அழுத்தலுக்காக இரவு முழுவதும் காத்திருக்கும். முந்தைய ஓட்டம் முடியாமல் புதிய ஓட்டத்தைத் தொடங்கக் கூடாது என்பது ஷெட்யூலரின் இயல்பான அமைப்பு என்பதால் மறுநாள் வேலையும் நடக்காது. அந்த வரியை நீக்கிவிடுங்கள்.

மடிக்கணினியாக இருந்தால் 'நிபந்தனைகள்' தாவலையும் பாருங்கள். மின் இணைப்பு இருந்தால் மட்டுமே தொடங்கு என்ற பெட்டி இயல்பாகவே தேர்வாகி இருக்கும். 9 மணிக்கு மின்தடை என்றால் பணி தொடங்காது. அதை எடுத்துவிட்டு, 'அமைப்புகள்' தாவலில் தவறிய பணியை இயன்றவரை விரைவில் தொடங்கு என்பதைத் தேர்வு செய்யுங்கள். இவை முடிந்தபின் ஷெட்யூலரிலேயே அந்தப் பணியின் மேல் வலது கிளிக் செய்து ஓட்டிப் பாருங்கள். பேட்ச் கோப்பை இருமுறை கிளிக் செய்து பார்ப்பது இந்தச் சிக்கலுக்குச் சோதனையே ஆகாது.

கேள்வி: காரைக்குடியில் கண்டாங்கிச் சேலைக் கடை வைத்திருக்கிறோம். விற்பனைக் கணக்கு ஒவ்வொரு மாலையும் மதுரையில் உள்ள ஆடிட்டர் அலுவலகச் சர்வருக்கு ஸ்கிரிப்ட் மூலம் போகும். இரண்டு ஆண்டாகச் சிக்கல் இல்லை. போன வாரம் முதல் சர்வரின் அடையாளம் மாறிவிட்டது என்று பெரிய எச்சரிக்கை வந்து நின்றுவிடுகிறது. ஹோஸ்ட்கீ இருக்கும் இடத்தில் நட்சத்திரக் குறி போட்டுவிட்டால் இனி எப்போதும் கேட்காது என்று என் அக்கா மகன் சொல்கிறான். அப்படிச் செய்யலாமா?
— காரைக்குடி வாசகி

பதில்: கூடாது அம்மா. உங்கள் அக்கா மகன் சொல்வதுபோலச் செய்தால் எச்சரிக்கை நின்றுவிடும். உங்கள் கணக்கு யாரிடம் போகிறது என்ற உறுதியும் அதோடு போய்விடும். விண்எஸ்சிபியில் அந்த நட்சத்திரக் குறிக்கும், ஓப்பன்எஸ்எஸ்எச்சில் 'ஸ்ட்ரிக்ட் ஹோஸ்ட் கீ செக்கிங்' என்ற அமைப்புக்கு 'நோ' என்று எழுதுவதற்கும் பொருள் ஏறக்குறைய ஒன்றே: எதிரில் எந்தச் சர்வர் வந்து நின்றாலும் ஏற்றுக்கொள்.

இந்த நிரல்கள் பயன்படுத்தும் எஸ்எஸ்எச் என்ற பாதுகாப்பான இணைப்பு முறை உருவானதே இத்தகைய ஏமாற்றுக்கு இடம் கொடுக்கக் கூடாது என்பதற்காகத்தான். 1995-இல் ஹெல்சிங்கி தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தின் நெட்வொர்க்கில் யாரோ ஒளிந்திருந்து கடவுச்சொற்களைத் திருடியதைக் கண்டு, அங்கிருந்த டாட்டு யிலோனன் அதை வடிவமைத்தார். போகிற வழியில் யாரும் படிக்க முடியாதபடி மறையாக்கம் செய்வது அதில் பாதிதான். மறுமுனையில் இருப்பவர் உண்மையிலேயே நாம் நினைக்கிறவர்தானா என்று உறுதி செய்வது மற்றப் பாதி. நம் ஊர்ப் பெரியவர்கள் ரங்கூனிலிருந்தும் பினாங்கிலிருந்தும் வந்த உண்டியல்களில் (பணம் கொடுக்கச் சொல்லும் சீட்டுகள்) கையெழுத்தை ஒப்பிட்டுப் பார்க்காமல் பணத்தை எண்ணிக் கொடுத்ததில்லை. சர்வரின் கைரேகையை ஒப்பிடுவதும் அதே வேலைதான்.

அடையாளம் மாறுவதற்கு நியாயமான காரணங்கள் பல உண்டு. ஆடிட்டர் அலுவலகத்தில் சர்வரை மாற்றியிருக்கலாம், விண்டோஸையோ லினக்ஸையோ புதிதாக நிறுவியிருக்கலாம். பெரும்பாலும் அப்படித்தான் இருக்கும். ஆனால் அதை எச்சரிக்கையைப் பார்த்து நாம் தெரிந்துகொள்ள முடியாது. அவர்களைத்தான் கேட்க வேண்டும். ஏற்கெனவே உங்களிடம் உள்ள தொலைபேசி எண்ணில் அழையுங்கள். அண்மையில் வந்த மின்னஞ்சலில் தரப்பட்ட எண்ணில் வேண்டாம். சர்வரைப் பார்த்துக்கொள்பவரிடம், சர்வர் கணினியிலேயே புதிய கைரேகையை எடுத்துப் படிக்கச் சொல்லுங்கள். எஸ்எச்ஏ256 என்று தொடங்கி, அதன்பின் 43 எழுத்துகள் வரும். பெரிய எழுத்து, சிறிய எழுத்து வேறுபாட்டோடு ஒவ்வொன்றையும் உங்கள் திரையில் வந்த எச்சரிக்கையோடு ஒப்பிடுங்கள். முதல் நான்கு எழுத்தும் கடைசி நான்கு எழுத்தும் ஒத்துப்போனால் போதும் என்று சிலர் நிறுத்திவிடுகிறார்கள். பணக் கணக்கு போகிற வழியில் அந்தச் சோம்பல் வேண்டாம்.

ஒத்துப்போனால், விண்எஸ்சிபி ஸ்கிரிப்டில் பழைய கைரேகையை எடுத்துவிட்டுப் புதியதை எழுதுங்கள். பழைய சர்வரும் புதிய சர்வரும் சிறிது காலம் மாறி மாறி இயங்கும் என்று அவர்கள் சொன்னால், அரைப்புள்ளியிட்டு இரண்டு கைரேகைகளையும் அருகருகே எழுதலாம். ஓப்பன்எஸ்எஸ்எச் வைத்திருப்பவர்கள் 'எஸ்எஸ்எச்-கீஜென்' கட்டளையை 'ஆர்' என்ற பெரிய எழுத்து விசையோடும் சர்வர் பெயரோடும் கொடுத்தால், பழைய அடையாளம் மட்டும் நீங்கும். தெரிந்த சர்வர்கள் பட்டியல் கோப்பையே அழித்துவிட்டால் மற்றச் சர்வர்களின் அடையாளமும் சேர்ந்து போய்விடும்.

அவர்கள் 'நாங்கள் எதையும் மாற்றவில்லையே' என்று சொன்னால், அன்றைய கணக்கை அனுப்பாதீர்கள். அதுவரை கடவுச்சொல்லால் உள்நுழைந்து வந்திருந்தால் அதையும் மாற்றச் சொல்லுங்கள்.

கேள்வி: தேவகோட்டையில் அரிசி ஆலை அலுவலகத்தில் வேலை பார்க்கிறேன். சர்வர் கடவுச்சொல்லில் @ குறியும் % குறியும் இருக்கின்றன. விண்எஸ்சிபி சன்னலில் தட்டச்சு செய்தால் உள்ளே போகிறது. ஸ்கிரிப்டில் எழுதினால் உள்நுழைவு மறுக்கப்படுகிறது.
— தேவகோட்டை வாசகர்

பதில்: ஸ்கிரிப்டில் பயனர் பெயர், கடவுச்சொல், சர்வர் பெயர் மூன்றையும் ஒரே முகவரியாக எழுதியிருப்பீர்கள். அந்த முகவரியில் @ குறிக்குத் தனி வேலை இருக்கிறது. அதற்குப் பின் வருவது சர்வர் பெயர் என்று நிரல் எடுத்துக்கொள்கிறது. ஆகவே கடவுச்சொல்லில் உள்ள @ குறியை %40 என்றும், % குறியை %25 என்றும் மாற்றி எழுத வேண்டும். இதே வரி பேட்ச் கோப்புக்குள்ளேயே இருந்தால் ஒவ்வொரு % குறியையும் இரண்டாக எழுதுங்கள். இல்லாவிட்டால் பேட்ச் கோப்பு அதை ஒரு மாறியின் பெயராகக் கருதி விழுங்கிவிடும். கட்டளைகள் தனி உரைக் கோப்பில் இருந்தால் இப்படி இரட்டிக்கத் தேவையில்லை.

முகவரியாக எழுதாமல் 'யூசர்நேம்', 'பாஸ்வேர்டு' என்ற தனித்தனி விசைகளில் கொடுத்தால் குறி மாற்றமே வேண்டியதில்லை. அதைவிட நல்லது, கடவுச்சொல்லை விட்டுவிட்டு, ஒரு கோப்பையே சாவியாகப் பயன்படுத்தும் விசைக் கோப்பு முறைக்கு மாறுவது. அலுவலகத்தில் பலரும் உட்காரும் கணினியில் கடவுச்சொல் எழுதிய ஸ்கிரிப்டை வைத்திருப்பதை என்னால் ஆதரிக்க முடியவில்லை.

கேள்வி: கானாடுகாத்தானில் எங்கள் வீட்டில் இருந்த பழைய பேரேடுகள், ஐந்தொகைகள், பர்மாக் கடிதங்கள் எல்லாவற்றையும் ஸ்கேன் செய்து, சென்னையில் உறவினர் ஏற்பாடு செய்துள்ள சர்வருக்கு விண்எஸ்சிபி மூலம் அனுப்புகிறோம். ஒவ்வொரு கோப்பும் 300 முதல் 700 எம்பி வரை இருக்கும். மின்சாரம் போனால் பாதியில் அறுந்து, மறுபடி முதலிலிருந்து தொடங்குகிறது. சில கோப்புகள் முழுதாகப் போய்ச் சேர்ந்த பின்னும், அனுமதியை அமைக்க முடியவில்லை என்று பிழை காட்டுகிறது. தமிழில் நீளமாகப் பெயர் வைத்த சில கோப்புகள் போகவே மறுக்கின்றன.
— கானாடுகாத்தான் வாசகர்

பதில்: நல்ல பணி. பக்கத்திலேயே கோட்டையூரில் ரோஜா முத்தையா அவர்கள் தம் வாழ்நாளில் சேர்த்து வைத்த நூல்களும் இதழ்களும்தாம் 1994-இல் சென்னையில் ஓர் ஆராய்ச்சி நூலகமாக நிலைபெற்றன. வீட்டுப் பேரேடுகளுக்கும் அத்தகைய மதிப்பு உண்டு என்று நினைத்து, இதைச் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

மின்தடையின்போது மடிக்கணினி பேட்டரியில் ஓடிக்கொண்டிருக்கும், நின்றுபோவது ரவுட்டர்தான். இணைப்பு அறுந்தால் விண்எஸ்சிபி ஸ்கிரிப்ட் இயல்பாக 120 வினாடிகள் வரை மீண்டும் இணைய முயலும். மின்சாரம் வந்து ரவுட்டர் விழித்தெழ அதற்கு மேலும் ஆகலாம் என்பதால், 'ஆப்ஷன் ரீகனெக்ட்டைம்' என்ற கட்டளையில் 600 அல்லது 900 என்று எழுதுங்கள். அதையும் தாண்டி அறுந்துபோனால், அடுத்த முறை 'புட்' கட்டளையில் 'ரெஸ்யூம்' விசையைச் சேர்த்தால் விட்ட இடத்திலிருந்து தொடரும். ரவுட்டருக்கு மட்டும் ஒரு சிறு யுபிஎஸ் வாங்கி வைத்தால் இந்தத் தொல்லை பாதி குறையும்.

100 கேபிக்கு மேற்பட்ட கோப்பை அனுப்பும்போது விண்எஸ்சிபி அதன் பெயருக்குப் பின்னால் 'டாட் ஃபைல்பார்ட்' என்று சேர்த்து அனுப்பி, முழுதும் போய்ச் சேர்ந்த பின்னரே உண்மைப் பெயருக்கு மாற்றும். ஆகவே உங்கள் உறவினர் அங்கே 'ஃபைல்பார்ட்' என்று முடியும் கோப்பு எதையும் தொடாமல் இருந்தால், பாதிக் கோப்பைத் திறக்கும் சிக்கல் எழாது. பெயர் மாற்ற அனுமதிக்காத சர்வர்கள் சில உண்டு. அங்கே மட்டும் 'ரெஸ்யூம்சப்போர்ட்' விசையை 'ஆஃப்' என்று வைக்க வேண்டும்.

அனுமதி பற்றிய பிழையை நிதானமாகப் படித்தால், கோப்பு வெற்றிகரமாக ஏற்றப்பட்டது, அதன் தேதியையோ அனுமதியையோ அமைக்க மட்டும் முடியவில்லை என்று இருக்கும். அந்தச் சர்வர் அதற்கு இடம் தருவதில்லை, அவ்வளவுதான். 'புட்' கட்டளையில் 'நோபிரிசர்வ்டைம்', 'நோபெர்மிஷன்ஸ்' என்ற இரு விசைகளைச் சேர்த்தால் அது நின்றுவிடும். பழைய ஆவணங்களுக்கு ஸ்கேன் செய்த தேதி முக்கியம் என்றால் அதைக் கோப்புப் பெயரிலேயே எழுதிவிடுவது நல்லது.

தமிழ்ப் பெயர்களின் சிக்கலுக்கு ஒரு கணக்கு இருக்கிறது. விண்டோஸில் ஒரு கோப்புப் பெயர் 255 குறியீடுகள் வரை நீளலாம். லினக்ஸ் சர்வர்களில் வரம்பு 255 பைட். யுடிஎஃப்-8 முறையில் ஒவ்வொரு தமிழ்க் குறியீடும் 3 பைட் எடுக்கும். உயிர்மெய்யில் மெய்க்கு ஒன்றும் உயிர்க்குறிக்கு ஒன்றும் தனித்தனியே. 'கானாடுகாத்தான்' என்ற சொல் நம் கணக்கில் ஏழு எழுத்துதான். சர்வரின் கணக்கில் அது 14 குறியீடு, 42 பைட். ஆகவே உங்கள் கணினியில் தாராளமாக இடம் பெறுகிற 'வீட்டுப் பெயர், பெட்டி, ஆண்டு, ஐந்தொகை, பக்கம்' என்ற நீண்ட பெயர் சர்வரில் வரம்பை மீறிவிடுகிறது. 'டாட் ஃபைல்பார்ட்' என்ற ஒட்டும் அதன்மேல் 9 பைட் கேட்கிறது. மொத்தம் 80 குறியீட்டுக்குள் பெயர் வையுங்கள். நீண்ட விவரத்தை ஒரு தனிப் பட்டியல் கோப்பில் எழுதி, கோப்புக்குச் சிறிய பெயரும் எண்ணும் கொடுத்தால் இன்னும் நல்லது. ஸ்கிரிப்டில் தமிழ்ப் பெயர்களை நேரடியாக எழுதுவதாக இருந்தால் அந்த உரைக் கோப்பை யுடிஎஃப்-8 ஆகச் சேமியுங்கள். பெயர்களை எழுதாமல் நட்சத்திரக் குறியால் கோப்புறை முழுவதையும் அனுப்பினால் அந்தக் கவலையும் வேண்டாம்.

முக்கியமான ஒன்று. 'புட்' கட்டளைக்கு 'டிலீட்' என்ற ஒரு விசை உண்டு. அனுப்பி முடித்ததும் உங்கள் கணினியில் உள்ள மூலத்தை அது அழித்துவிடும். இடம் போதவில்லை என்று அதைச் சேர்த்துவிடாதீர்கள். ஒவ்வொரு கோப்புக்கும் விண்டோஸில் 'செர்ட்யூட்டில்' கட்டளையின் 'ஹாஷ்ஃபைல்' விசையால் எஸ்எச்ஏ256 தொகையைக் கணக்கிட்டு வையுங்கள். சென்னையில் அதே கோப்புக்குச் சர்வரில் 'எஸ்எச்ஏ256சம்' கட்டளையால் எடுத்து ஒப்பிடச் சொல்லுங்கள். 64 இலக்கமும் ஒன்றாக இருந்தால் ஒரு பைட்டும் பிசகாமல் போயிருக்கிறது என்று நம்பலாம். அதன் பிறகும் ஒரு படியைத் தனி ஹார்டு டிஸ்கில் வீட்டிலேயே வைத்திருங்கள்.

கேள்வி: கோப்பு அனுப்பும் ஓப்பன்எஸ்எஸ்எச்சின் எஸ்எஃப்டிபி கட்டளையில் 'பி' விசையோடு ஒரு ஸ்கிரிப்ட் எழுதினேன். முதல் நாள் அருமையாகப் போனது. இரண்டாம் நாளிலிருந்து ஒரு கோப்பும் போகவில்லை. ஸ்கிரிப்டில் ஓர் எழுத்தைக்கூட நான் மாற்றவில்லை.
— கோட்டையூர் வாசகர்

பதில்: நீங்கள் அனுப்பிய ஸ்கிரிப்டின் முதல் வரி 'எம்கேடிர்', அதாவது சர்வரில் கோப்புறை உருவாக்கும் கட்டளை. முதல் நாள் கோப்புறை உருவானது. இரண்டாம் நாள் அது ஏற்கெனவே இருப்பதால் கட்டளை தோற்கிறது. 'பி' விசையில் ஒரு கட்டளை தோற்றால் மீதி எதையும் செய்யாமல் முழு ஸ்கிரிப்டும் நின்றுவிடும். 'எம்கேடிர்' என்பதற்கு முன்னால் இடைவெளி இல்லாமல் ஒரு சிறுகோடு போடுங்கள். அந்த ஒரு வரியின் தோல்வி மட்டும் பொருட்படுத்தப்படாது. எல்லா வரிகளிலும் கோடு போடும் வழக்கத்தைச் சிலரிடம் பார்க்கிறேன். 'புட்' வரியில் போட்டால் கோப்பு போகாத நாளிலும் ஸ்கிரிப்ட் வெற்றி என்றே சொல்லும்.

கேள்வி: பள்ளத்தூரில் தேன்குழல், மனகோலம், சீப்புச் சீடை செய்து சிங்கப்பூருக்கு அனுப்புகிறோம். சரக்கு முகவரின் சர்வருக்குக் கோப்பு அனுப்ப, பழைய கணினியில் இருந்த ஸ்கிரிப்டையும் விசைக் கோப்பையும் புதிய விண்டோஸ் 11 கணினிக்கு மாற்றினோம். முதலில் விசைக் கோப்பின் அனுமதி மிகத் திறந்திருக்கிறது என்றது. அதைச் சரிசெய்தபின், பொருந்தும் ஹோஸ்ட் கீ வகை இல்லை, எதிர்முனை எஸ்எஸ்எச்-ஆர்எஸ்ஏ மட்டுமே தருகிறது என்கிறது. பழைய கணினியில் இப்போதும் ஓடுகிறது.
— பள்ளத்தூர் வாசகி

பதில்: அனுமதிச் சிக்கலை நீங்களே சரிசெய்துவிட்டீர்கள் என்றாலும் மற்ற வாசகர்களுக்காக ஒரு வரி: விசைக் கோப்பை எல்லோரும் படிக்கக்கூடிய கோப்புறையில் வைத்தால் ஓப்பன்எஸ்எஸ்எச் அதைப் பயன்படுத்த மறுக்கும். கோப்பின் பண்புகளில் பாதுகாப்புத் தாவலுக்குப் போய், மேல் கோப்புறையிலிருந்து வரும் உரிமைகளை நிறுத்தி, ஸ்கிரிப்டை ஓட்டும் கணக்குக்கு மட்டும் உரிமையை விட வேண்டும்.

இரண்டாவது பிழையில் உங்கள் கணினியின் குற்றம் ஒன்றும் இல்லை. பழைய ஆர்எஸ்ஏ கையொப்ப முறை எஸ்எச்ஏ-1 என்ற, இன்று உடைக்கக்கூடியதாகிவிட்ட கணக்கீட்டை நம்பியிருந்தது. 2021 செப்டம்பரில் வந்த ஓப்பன்எஸ்எஸ்எச் 8.8 பதிப்பிலிருந்து அது இயல்பாக நிறுத்தப்பட்டது. ஆர்எஸ்ஏ விசைகளே செல்லாது என்று இதற்குப் பொருளல்ல. அவற்றைப் புதிய எஸ்எச்ஏ-2 முறையில் பயன்படுத்தலாம். எதிர்முனைச் சர்வர் அந்த முறை தெரியாத அளவுக்குப் பழையது. உங்கள் பழைய கணினியில் பழைய பதிப்பு இருப்பதால் அங்கே இன்னும் ஓடுகிறது.

ஆகவே சரக்கு முகவரிடம் சர்வரைப் புதுப்பிக்கச் சொல்வதே முறையான வழி. அதுவரை சரக்கு நிற்க முடியாது என்பதும் புரிகிறது. உங்கள் பயனர் கோப்புறைக்குள் 'டாட் எஸ்எஸ்எச்' என்ற கோப்புறையில் உள்ள 'கான்ஃபிக்' கோப்பில் அந்த ஒரு சர்வரின் பெயருக்குக் கீழே மட்டும், 'ஹோஸ்ட் கீ அல்காரிதம்ஸ்', 'பப்கீ அக்செப்டட் அல்காரிதம்ஸ்' என்ற இரு வரிகளில் கூட்டல் குறியோடு எஸ்எஸ்எச்-ஆர்எஸ்ஏ என்று எழுதுங்கள். எல்லாச் சர்வர்களுக்கும் பொதுவாக எழுதிவிடாதீர்கள். அவர்கள் சர்வரைப் புதுப்பித்ததும் அந்த இரு வரிகளையும் எடுத்துவிட்டு, 'இடி25519' வகையில் புதிய விசை ஒன்றை உருவாக்கி அதன் பொது விசையை அவர்களுக்கு அனுப்புங்கள். பொது விசை 'டாட் பப்' என்று முடியும் கோப்பு. அதோடு உருவாகும் மற்றொரு கோப்பு உங்கள் தனி விசை; அதை யார் கேட்டாலும் கொடுக்கக் கூடாது.

கேள்வி: வீட்டு பிராட்பேண்டில் இருந்து வங்கியின் சர்வருக்குச் சில நாள் இணைகிறது, சில நாள் நேரம் கடந்துவிட்டது என்று சொல்லி நின்றுவிடுகிறது. போர்ட் எண்ணை 990 என்று மாற்றிப் பார்க்கலாமா?
— நாட்டரசன்கோட்டை வாசகர்

பதில்: வேண்டாம். 990 என்பது எஃப்டிபிஎஸ் எனப்படும் வேறு நெறிமுறைக்கு உரியது. நீங்கள் பயன்படுத்தும் எஸ்எஃப்டிபி, எஸ்எஸ்எச்சின் மேல் ஓடுவது, அதன் வழக்கமான போர்ட் 22. பெயர்கள் ஒன்றுபோல் இருந்தாலும் ஒன்றுக்கு மற்றொன்று பதிலாகாது.

இணைப்பு மறுக்கப்பட்டது என்று வந்தால் பெரும்பாலும் சர்வர் கணினி இருக்கிறது, அந்தப் போர்ட்டில் யாரும் கேட்கவில்லை என்று பொருள். நேரம் கடந்துவிட்டது என்றால் நடுவில் ஒரு ஃபயர்வால் உங்கள் கோரிக்கையைப் பதிலே சொல்லாமல் கைவிடுகிறது என்று முதலில் ஐயப்பட வேண்டும். வங்கிகள் பதிவு செய்த ஐபி முகவரிகளை மட்டுமே உள்ளே விடுவது வழக்கம். வீட்டு பிராட்பேண்டில் ரவுட்டரை அணைத்து ஏற்றும்போது அந்த முகவரி மாறக்கூடும். இணைகிற நாளிலும் இணையாத நாளிலும் உங்கள் வெளி ஐபி முகவரியைக் குறித்து வையுங்கள். பவர்ஷெல்லில் 'டெஸ்ட்-நெட்கனெக்ஷன்' கட்டளையைச் சர்வர் பெயரோடும் போர்ட் 22-ஓடும் கொடுத்து, அதன் விடையையும் பக்கத்திலேயே எழுதுங்கள். முகவரி மாறும் நாளில்தான் நிற்கிறது என்று தெரிந்தால், இணையச் சேவை தருபவரிடம் நிலையான ஐபி முகவரி ஒன்றை வாங்கி, அதை வங்கியில் எழுத்துமூலம் பதிவு செய்துகொள்ளுங்கள்.